கெளுத்தி முள்ளுக்குப் பத்து மார்க்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்கள் அம்மாவுக்கு 66 வயது, காசிமேட்டில் 30 வருடம் மீன் விற்றவர். இரண்டு முட்டியும் தேய்ந்து, வலது கால் வில்லாக வளைந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா அங்கேயே வலது முட்டிக்கு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருக்க வேண்டும், எப்படித் தேறுவார், தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் இருக்கும் வீட்டுக்கு எப்போது கூட்டிவரலாம், மறுபடி மீன் விற்கப் போகலாமா?

நான் பிசியோதெரபிஸ்ட். சிங்கப்பூரில் 7 வருடம் எலும்பு வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். இரண்டு ஊர் முட்டிகளோடும் மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

இங்கேயே செய்திருக்கலாமே என்று உறவில் நான்கு பேர் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவிலை வைத்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. சிங்கப்பூரில் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். விசிட் விசாவில் போகிறவர் முழு பில்லையும் கட்ட வேண்டும். பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று நம்பிப் போகாதீர்கள், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு அது பைசா தராது. ஆனால் நீங்கள் நைட் ஷிஃப்ட், உங்கள் மனைவிக்குக் கைக்குழந்தை, அக்காவோ அங்கே 2 மாதம் லீவு போட முடியும் என்கிறீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் எங்கே இருக்கிறதோ அங்கே செய்வதுதான் நல்லது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கிளம்பும் முன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அம்மாவின் கால் விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். ஐஸ் தண்ணீரிலும் மீன் கழுவிய தண்ணீரிலும் முப்பது வருடம் நின்ற கால். சேற்றுப்புண் இல்லாமல் இருந்தால் ஆச்சரியம். அந்தப் புண், குதிகால் வெடிப்பு, சொத்தைப் பல், அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு, இவையெல்லாம் கிருமி உள்ளே போகும் வாசல்கள். புது மூட்டில் கிருமி உட்கார்ந்துவிட்டால் மருந்தில் மட்டும் போவது கடினம், மறுபடி திறக்க வேண்டிவரும். விமானம் ஏறிப் போன பிறகு அந்த ஊர் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, புண் ஆறட்டும், ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்றால் விசா நாளும் டிக்கெட் பணமும் வீண். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியை (HbA1c) இப்போதே பார்த்துவிடுங்கள். 8-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

நம் ஊரில் ஆபரேஷன் என்றால் கூட ஒரு அட்டெண்டர் ராத்திரி பகலாக இருப்பார். பெரியம்மா பிளாஸ்கில் காபி கொண்டு வருவார், சித்தப்பா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பார், பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவதும் அவர்கள்தான். அங்கே பொது வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்தால் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் நர்ஸ் வருவார், நன்றாகவே பார்த்துக்கொள்வார். ஆனால் கூப்பிட்டால்தான் வருவார். கட்டிலில் ஒரு மணி இருக்கும், அதை அமுக்க வேண்டும்.

நம் அம்மாக்கள் அந்த மணியை அமுக்க மாட்டார்கள். "அந்தப் பொண்ணு இப்பதான் உக்காந்துது, அதை ஏன் எழுப்பணும்" என்று நினைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குத் தாமாகவே எழுந்து பாத்ரூமுக்குப் போவார்கள். மருந்தில் பாதி மயக்கம், தொடையில் பாதி மரப்பு, வழவழ தரை. என் வார்டில் விழுந்தவர்களில் பலரும் பயந்தாங்கொள்ளிகள் கிடையாது. வீட்டில் யாரையும் ஒரு வேலை ஏவாமல் வாழ்ந்தவர்கள். எனவே போகும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: மணி அடிப்பது தொந்தரவு இல்லை, அடிக்காமல் எழுந்தால்தான் அந்த சிஸ்டருக்கு வேலைக்கே பிரச்சினை. இந்தக் காரணம் எடுபடும். தன் நன்மைக்கு என்றால் கேட்க மாட்டார், பிறத்தியார் பிழைப்பு என்றால் கேட்பார்.

பாஷைக்குப் பயப்பட வேண்டாம். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று, வார்டில் தமிழ் பேசுகிறவர் ஒருவராவது பெரும்பாலும் அகப்படுவார். ஆனால் இரவில் பொறுப்பில் இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ மியன்மார்காரராகவோ இருக்கலாம். தண்ணீர், பாத்ரூம், வலி, மயக்கம், வாந்தி என்று ஐந்து வார்த்தையைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி அக்கா தலைமாட்டில் வைத்துவிட்டால் போதும், விரலால் காட்டிவிடலாம். டாக்டர் ரவுண்ட்ஸ் காலையில் சீக்கிரமே முடிந்துவிடும், அக்கா போய்ச் சேரும்போது அவர் இருக்க மாட்டார். கேட்க வேண்டியதையும் எழுதியே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஏசி. சாக்ஸும் காதை மூடுகிற ஒரு குல்லாவும் கொடுத்தனுப்புங்கள், சிரிக்காதீர்கள்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம், கூடினால் இரண்டு. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள். தொடை நரம்புக்குத் தனியாக ஓர் ஊசி, முட்டியைச் சுற்றியும் மருந்து. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, தொடை எலும்புக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக். அவ்வளவுதான். முட்டியையே கழற்றி எடுத்துவிட்டு வேறு வைப்பதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள், பயம் பாதியாகும்.

அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ எழுப்பி நிற்க வைப்பார்கள். "இன்னிக்குதான் வெட்டுனீங்க, இன்னிக்கே நட என்கிறீங்களே" என்று நிறையப் பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். கொடுமைப்படுத்த எழுப்புவதில்லை. படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், அது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நடை, அதனால்தான் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது, அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ. எழுந்ததும் நேராக நிற்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தலைச்சுற்றல் இல்லை என்றால் வாக்கரைப் பிடித்து எழ வேண்டும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால்.

முதல் நாள் சாயங்காலம் நீங்கள் போன் போட்டால் அம்மா சொல்வார்: "வலியே இல்லடா, இதுக்கா இவ்ளோ பயந்தேன்." நம்பாதீர்கள், அது ஊசி மருந்து பேசுவது. பெரும்பாலும் மறுநாளைக்குள் அது இறங்கிவிடும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உண்மையான வலி நாட்கள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கும், தொடை முதல் கணுக்கால் வரை கருநீலமாகக் கன்றும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். ஏதோ தப்பாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பதறுவது அன்றுதான். இது தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

இந்த இரண்டு நாளில்தான் எங்களுக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கும் தகராறு வரும். நர்ஸ் வந்து, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார். நம் அம்மாக்கள் சிரித்துக்கொண்டே "பரவால்ல" என்பார்கள். நர்ஸ் இரண்டு என்று எழுதிக்கொண்டு போவார், இரண்டுக்கு உண்டான மாத்திரைதான் வரும். அப்புறம் நான் போய் முட்டியை மடக்கச் சொன்னால் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு மரக்கட்டையாகக் கிடப்பார்கள். வலிக்குப் பயந்து மடக்காத முட்டி, சில வாரத்தில் உள்ளே தழும்பு இறுகி நிரந்தரமாக மடங்காமல் போகும். பிறகு மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிடுகிற நிலை வரும். வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே பெருமையான காரியம் இல்லை தம்பி, நஷ்டம்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மீனவர் வீட்டு அம்மா என் வார்டில் இருந்தார். இரண்டாம் நாள் காலை, நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது, ஆனால் சீட்டில் வலி 2 என்று எழுதியிருந்தது. எனக்குப் பத்து மார்க் கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது என்று புரிந்தது. "கெளுத்தி முள் குத்தியிருக்காம்மா?" என்று கேட்டேன். கண் விரிந்தது. "அதை ஏம்மா கேக்குற, ராத்திரி பூரா கத்தினேன்." "அதுக்குப் பத்து மார்க் குடுத்தா இதுக்கு எவ்ளோ?" கொஞ்ச நேரம் யோசித்தார். முட்டியைத் தடவினார். "எட்டரை" என்றார், அந்த அரையையும் விடாமல். நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரையை மாற்றச் செய்து, முக்கால் மணி நேரம் கழித்துப் போனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து போய், வெளியே யார் இருக்கிறார்கள் என்று வேறு எட்டிப் பார்த்தார்.

உங்கள் அம்மாவுக்கும் கெளுத்தி தெரியும். இன்றைக்கே உட்கார்ந்து பேசி வையுங்கள்: கெளுத்தி பத்து, இறால் கொம்பு குத்துவது மூன்று, ஐஸ் பெட்டி காலில் விழுந்தது ஆறு. ஐந்தைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். பிசியோ வரும் நேரம் தெரிந்துகொண்டு, அதற்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் முன்பே வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுவிட வேண்டும். அந்த மாத்திரைகளில் சில வயிற்றைக் கட்டிவிடும். மூன்று நாள் வெளிக்குப் போகாமல் அவஸ்தைப்பட்டு, அதனால் சாப்பாட்டையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. முதல் நாளே மலமிளக்கி கேளுங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு வேடிக்கை. ஆபரேஷன் என்றால் மீன், முட்டை, கறி கூடாது, சீழ் பிடிக்கும் என்று யாராவது போனிலேயே சட்டம் போடுவார்கள். முப்பது வருடம் மீன் விற்றவருக்கு, உடம்புக்கு மீன் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் ரசம் சாதம். காயம் ஆறப் புரதம் வேண்டும். தாராளமாகச் சாப்பிடட்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இது என் சொந்தப் பெரியம்மாவின் முட்டியில் கற்றது. இந்த ஊரில்தான் ஆபரேஷன் நடந்தது, நான் அப்போது சிங்கப்பூரில். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து, ஆறு வாரம் அப்படியே படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலும் யாரும் எடுத்துவிடவில்லை. நான் லீவில் வந்து பார்த்தபோது முட்டி நன்றாக மடங்கியது, ஆனால் நீளவில்லை. இன்றைக்கும் ஒரு கால் குட்டையானவர் போலத்தான் நடக்கிறார். முட்டி மடங்குவதையே எல்லோரும் பார்க்கிறார்கள், நேராக நீட்ட வருகிறதா என்று பார்ப்பதில்லை. தலையணை முட்டிக்கு அடியில் போகவே கூடாது. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தன் கனத்திலேயே படுக்கையை நோக்கி இறங்க விடுங்கள். பத்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து தடவை. துண்டை எடுத்துவிட்டுக் காலைத் தட்டையாக வைத்து, முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். முதல் நாள் நான்கு விரலும் தாராளமாகப் போகும். அது ஒரு விரலுக்குக் குறைந்துகொண்டே வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மொத்தம் மூன்று நான்கு நாள்தான். வாக்கரில் தானே நடந்து, பாத்ரூம் போய்வந்து, சில படிகள் ஏறி இறங்கிவிட்டால், முட்டி 90 டிகிரி பக்கம் மடங்கினால், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "விரட்டுறாங்கடா" என்று அம்மா போன் செய்வார். இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்க இருக்கக் கிருமிதான் சேரும். அக்கா வீடு அடுக்குமாடிதானே, லிப்ட் இருக்கும், கமோடு இருக்கும், அங்கே முதல் ஆறு வாரம் கழிவது நல்லது. தையலோ கிளிப்போ இரண்டு வாரத்தில் எடுப்பார்கள். ஐஸ் ஒத்தடம் துணி சுற்றி, ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம். ஐஸைப் பற்றி அம்மாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அக்கா வாங்கிக்கொள்ள வேண்டியது: என்ன மூட்டு, எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டு, ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே, மருந்துகளின் வேதிப் பெயர் (அங்கத்திய பிராண்டு பெயரைச் சொன்னால் டி.எச். ரோடு மெடிக்கலில் விழிப்பார்கள்), ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை எந்தத் தேதியில் நிறுத்துவது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து இங்கே ஒரு டாக்டர் அந்த முட்டியைத் திறக்க நேர்ந்தால் அந்த ஸ்டிக்கர்தான் அவருக்கு வழிகாட்டி.

திரும்பி வருவது. சென்னைக்கு விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தால் நல்ல உடம்புக்காரருக்கே காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் கணக்கு. புது முட்டியோடு ஆறு வாரத்துக்கு முன் ஏற வேண்டாம். மூன்று மாதம் பொறுக்கச் சொல்லும் டாக்டர்களும் உண்டு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. விசிட் விசாவில் பெரும்பாலும் 30 நாள்தான் தருவார்கள், அதனால் நாள் நீட்டிக்கிற வழியை ஆபரேஷனுக்கு முன்பே அக்கா விசாரித்துவிட வேண்டும், வலியோடு அலையக் கூடாது. விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை, ஆபரேஷன் கால் நடைபாதைப் பக்கம் வருகிற மாதிரி. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் முட்டி சத்தம் போடும், சொல்லிவிட்டால் போதும். மீனம்பாக்கத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு 2021 பிப்ரவரியிலிருந்து நேரடி மெட்ரோ இருக்கிறதுதான், ஆனால் அன்றைக்குக் கார் எடுங்கள், முன் இருக்கையை முழுசாகப் பின்னால் தள்ளி. மெட்ரோ லிப்டெல்லாம் பிறகு செக்கப்புக்குப் போகும்போது உதவும். ஷேர் ஆட்டோ மூன்று மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

உங்கள் பக்கத்துச் சந்து வீடுகளின் மாடிப்படி எனக்குத் தெரியும். குறுகல், செங்குத்து, கைப்பிடி இருந்தால் ஒரு பக்கம், அதுவும் திருப்பத்தில் காணாமல் போகும். அம்மா வருவதற்குள் மேலிருந்து கீழ்வரை இரும்புக் குழாய் ஒன்று அடித்துவிடுங்கள், வெல்டிங்காரருக்கு அரை நாள் வேலை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இதை மாற்றிச் செய்துதான் படியில் தடுமாறுகிறார்கள். இந்தியன் டாய்லெட்டின் மேல் வைக்கிற கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். தரையில் சம்மணம் போடுவதும் குத்தவைப்பதும் இனிமேல் இல்லை. மண்டியிட்டால் மூட்டுக்கு ஆபத்து என்று இல்லை, ஆனால் பலருக்கு அது பிடிக்காது, ஏதோ பொருளின் மேல் முட்டி போட்ட மாதிரி இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கை அகலம் மரத்துக் கிடக்கும், அங்கே போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் அப்படி. பயப்பட ஒன்றும் இல்லை. முட்டி ஆறு மாதம் வரை கதகதவென்று இருக்கும், அதுவும் சகஜம்.

சகஜம் இல்லாதவை: கெண்டைக்கால் மட்டும் இறுகி வீங்கி வலிப்பது, திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, காய்ந்த தையலில் மறுபடி ஈரம் கசிவது, 101-ஐத் தாண்டும் காய்ச்சல். மூச்சிரைப்பு என்றால் 108, யோசிக்கவே கூடாது. கசிவு என்றால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி நாமே போட்டுவிடக் கூடாது, அது உள்ளே இருக்கும் கிருமியை மறைத்துவிடும். எலும்பு டாக்டரிடம் நேராகப் போக வேண்டும். வீங்கின காலில் எண்ணெய் தடவி நீவி விடுகிறேன் என்று யார் வந்தாலும், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். உறைந்த ரத்தத்தை நீவி நெஞ்சுக்கு அனுப்பும் வேலை அது.

இடது முட்டியையும் சேர்த்து ஒரேயடியாகச் செய்துவிடலாமா என்று அக்கா கேட்டால், அந்த வயதில் ஒவ்வொன்றாகச் செய்வதுதான் என் விருப்பம். நல்ல கால் என்று ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

கடைசியாக மீன். மூன்று மாதத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், ஆனால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். 100 செயற்கை முட்டியில் சுமார் 82 இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடிக்கிறது என்று 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. 66 வயதில் அது போதும். ஆனால் தரையில் கூடையை வைத்து, அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு உட்காரும் பழைய முறை ஒத்துவராது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, அதன் மேல் தட்டு, மேசையில் திருகி மாட்டிய அருவாமனை, உயரமான ஒரு ஸ்டூல். ஏலம் எடுக்கவும் கூடை தூக்கவும் வேறு ஆள் வேண்டும். காலில் ரப்பர் செருப்பு கூடாது, பின்பக்கம் பட்டை வைத்த, அடி வழுக்காத செருப்பு. ஸ்டூலின் உயரத்தை நீங்களாகக் குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள்; அம்மாவை உட்கார வைத்து, முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசாரியிடம் காலை வெட்டச் சொல்லுங்கள், ஸ்டூலின் காலை.